சாம்பல் சட்டைக்காரியைத் தேடியவர்

கல்யாணமான முதல் வருஷம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஷிஃப்ட் ஒத்துவரவே இல்லை. நான் ஒரகடத்தில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில். எனக்குக் காலை என்றால் அவருக்கு மதியம். மாறினாலும் இருவருக்கும் சேர்ந்தே மாறித் தொலைக்கும். வல்லக்கோட்டையில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் ஒருவர் தூங்க, ஒருவர் கிளம்ப, அப்படி ஒரு குடித்தனம்.

மதியம் மட்டும் இருவருமே கம்பெனி பஸ்ஸில் இருப்போம், ஒருவர் போக, ஒருவர் வர. போனில் பேசினால் பக்கத்து சீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொள்வாள். மெசேஜ் அனுப்பலாம்தான், ஆனால் மெசேஜில் பக்கத்தில் நடக்க முடியாதே! அதனால் போனிலேயே ஒரு கேமில் சந்தித்தோம். ஒரு தீவு, அதில் ஆளுக்கொரு பொம்மை உருவம், மீன் பிடிக்கலாம், கடைவீதியில் சுற்றலாம். எங்களுக்கு அதுதான் பீச், அதுதான் பார்க்.

அந்த கேம் மீது எனக்கு ஒரே கோபம். சேர்ந்ததும் எல்லோருக்கும் ஒரு சாம்பல் சட்டை இலவசம். மற்றதெல்லாம் கடையில் தொங்கும், நிஜக் காசு கொடுத்தால்தான் கைக்கு வரும். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இந்த கேம் செய்தவன் ஆளைக் கொடுத்துவிட்டு ஆடைக்குக் கை நீட்டுகிறான். இலையில் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புக்குத் தனி டோக்கன் வாங்கச் சொன்னால் அது விருந்தா? கம்பெனியில்தான் தொப்பி, மாஸ்க், கோட்டு என்று எல்லோரும் ஒரே அச்சு. ஆட வந்த இடத்திலுமா?

ஒருநாள் நான் தீவுப் பாலத்தில் காத்துக்கொண்டே இருக்கிறேன், ஆளைக் காணோம். அவரோ வேறொரு சாம்பல் சட்டையின் பின்னாலேயே போயிருக்கிறார். பக்கத்தில் போனால்தான் தலைக்கு மேல் பெயர் தெரியும். அவருடைய பழைய போனில் அதுவும் தெரியாது. "சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் இல்லண்ணா" என்று பதில் வந்திருக்கிறது. அதற்கும் அசராமல், "கோவமா கீறியா, அண்ணான்ற?" என்று கேட்டாராம்.

"கட்டின பொண்டாட்டிய அடையாளம் தெரியலியா உங்களுக்கு?" என்று போனில் பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னா பண்றது? எல்லாம் ஒரே மாரி கீது. ஒரு டிரெஸ் வாங்கிக்கினா இன்னாவாம்?"

"அரைகுறையா கேம் செஞ்சவனுக்கு நான் எதுக்குக் காசு அழணும்?"

அதன்பிறகு கவனமாகத் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு சாம்பல் சட்டையின் பின்னாலும் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பார். நான் எந்தக் கடையைத் தாண்டினாலும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேனாம். எனக்கே தெரியாத பழக்கம். அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, என் முன்னால் வந்து குதிப்பார். பஸ்ஸில் நான் தனியாகச் சிரிப்பேன்.

என் பிறந்தநாளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் சிவப்புப் பாவாடை தாவணி வாங்கிப் போட்டுவிட்டார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வேண்டாம் என்று சொன்ன வாய் மூடிக்கொண்டது. தீவில் இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் சில நாளிலேயே ஒன்று உறைத்தது. அவர் இப்போது என்னைத் தேடுவதே இல்லை. தூரத்தில் சிவப்பு தெரிந்தால் போதும், ஒரு கையை ஆட்டிவிட்டு மீன் பிடிக்க உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில்தான் இருந்தோம், குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் ஏதோ காணாமல் போனது போல இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு என்று இருந்தது, அதில் அவர் கண் என் மேல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதிலென்ன தப்பு?

மறுநாள் தாவணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பல் சட்டையில் போய்க் கூட்டத்தில் நின்றேன்.

"எங்க கீற?" என்று கேட்டார். பதில் போடவில்லை. தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து பார்த்தபடி, கடைவீதியின் அந்த முனையிலிருந்து என் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

பஸ் நின்றது. "வல்லக்கோட்டை வந்துடுச்சு, எறங்கலியாம்மா?" என்றார் டிரைவர்.

"அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்கிறேன்ணா" என்றேன்.