மரக்காணத்தில் ஒரு வெளிநாட்டு மெஸ்

மெஸ் நடத்துவது என்றால் அடுத்தவர் வயிற்றுக்கு நாம் ஜாமீன் போடுவது. பரிமாறிவிட்டு, கதவு இடுக்கு வழியாகச் சாப்பிடுகிறவர் முகத்தை எட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

எழுபதுகளில், உப்பளத்துத் தண்ணீரில் வாழும் பூச்சி புழுக்களைப் பற்றிப் படிக்க வெளிநாட்டு மாணவர்கள் மூன்று பேர் மரக்காணத்துக்கு வந்தார்கள். ஜப்பான் பையன் கென்ஜி, கென்யாவிலிருந்து ஜோசப், ஸ்வீடன் பெண் இங்கிரிட். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பு, கீழே என் கையால் சாப்பாடு. தமிழ் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

முதல் சாப்பாடு

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆச்சே என்று மிளகாயைப் பாதியாகக் குறைத்துத்தான் மீன் குழம்பு வைத்தேன். முதல் வாயிலேயே ஜோசப்புக்கு விக்கல் வந்துவிட்டது. இங்கிரிட் இலையை மெல்லத் தள்ளிவிட்டு வாழைப்பழத்தை உரித்தாள். கென்ஜி மட்டும் கண்ணில் நீர் வழிய வழியக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். அவன் தமிழ் கற்றது பழைய இலக்கணப் புத்தகத்தில். எழுந்து நின்று கைகூப்பிச் சொன்னான்: "அம்மையீர், உணவு நன்று, நாவு மட்டும் இறந்துவிட்டது."

கடற்கரையில் கூட்டம்

அப்புறம் மிளகாயே போடாமல் சமைத்தேன். அதையும் கென்ஜி மரியாதைக்காகத்தான் சாப்பிட்டான். ஆள் இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் காலை, கட்டுமரங்கள் கரை சேரும் நேரத்துக்கு எங்கள் வீட்டு எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனவன், துள்ளுகிற வஞ்சிரத்தை வாங்கி, பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி, பழத்தைப் பிழிந்து பச்சையாகவே தின்ன ஆரம்பித்துவிட்டான். குப்பமே கூடிவிட்டது.

சேதி கேட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் ஓடினோம். யா அல்லா, இவன் வயிற்றுக்கு நான்தானே பொறுப்பு! அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்த்த எங்க வீட்டுக்காரருக்குத்தான் வாந்தி. மீன் விற்ற பெரியவர் இரக்கப்பட்டு கென்ஜியிடம் கேட்டார்: "ஏம்பா, அடுப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? நம்ம வூட்டுல சுட்டுத் தரமாட்டனா?"

களி

ஜோசப்புக்குச் சோறு எவ்வளவு போட்டாலும் வயிறு நிறையாது. "அக்கா, இது காத்து மாதிரி இருக்குது" என்பான். ஒருநாள் மூவருக்கும் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனால், உப்பு வாரும் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியைப் பிட்டுப் பிட்டுக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான். அவர்கள் ஊரிலும் மாவைக் கிளறி இப்படித்தான் உருண்டையாகச் சாப்பிடுவார்களாம். விருந்தாளிக்குக் களி போட்டால் மரியாதை இல்லை என்று நான்தான் கிண்டாமலே இருந்தேன். களியைக் கொடுத்த அஞ்சலை காலிச் சட்டியை எனக்குச் சாய்த்துக் காட்டினாள்: "பாயம்மா, தம்பிய நாளைக்கும் அனுப்பு. ஆனா உன் சோத்த எனக்குக் குடுத்துடு."

இங்கிரிட் விழுந்தது

சித்திரை வெயிலில் இங்கிரிட் உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். அஞ்சலையும் மற்றவர்களும் தூக்கி வந்தார்கள். பருப்பா, எண்ணெயா, எது அவளைக் கவிழ்த்தது? டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சாப்பாட்டுல கோளாறு இல்ல. உடம்புல தண்ணியே இல்ல" என்று குளுக்கோஸ் ஏற்றினார். இன்னொரு தரம் இப்படி ஆனால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக அவர்களை மேற்பார்த்த பேராசிரியர் சொல்லிவிட்டார். படிப்பு போய்விடும் என்று அவள் அழுதாள்.

தினமும் காய்ச்சி ஆறவைத்து நான் கொடுத்தனுப்பிய தண்ணீர் என்ன ஆயிற்று? அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சா வெளியே போகணும் அக்கா. அங்கே ஒரு மரம்கூட இல்லை. சுத்தி ஆம்பளைங்க" என்றாள். காலையிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு வாய் குடிக்காமலே வெயிலில் நின்றிருக்கிறாள்.

இதை அஞ்சலையிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "நாங்க மட்டும் என்ன, குடிச்சிட்டா நிக்கறோம்?" என்றாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. எங்க வீட்டுக்காரர் உப்பளத்து மேஸ்திரியிடம் பேசி, வரப்போரம் கீற்றுத் தட்டியால் ஒரு மறைப்புக் கட்டச் செய்தார். இங்கிரிட் தண்ணீர் குடித்தாள், தேறினாள், படிப்பையும் முடித்தாள். மறைப்பு நின்ற முதல் நாள் அதற்கு வெளியே உப்பளத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதில் நின்றபடியே அஞ்சலை சொன்னாள்: "இத்தினி வருசமா உப்பு வார்றோம். ஒரு வெள்ளக்காரப் பொண்ணு விழுந்தாத்தான் நமக்குத் தட்டி வருது, பாரு."

எத்தனையோ குழம்பு வைத்தும் கிடைக்காத நல்ல பெயர், உப்பளத்தில் எனக்கு ஒரு கக்கூஸால் கிடைத்தது.