குசினி

மாடி வீட்டைப் பார்க்க வந்த பெண் முதலில் கேட்டது, "குசினி எந்தப் பக்கம் தாத்தா?" என்றுதான். சமையலறைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்தச் சொல்லை எங்கள் தெருவில் இப்போது கிழவர்கள் நாங்கள்தான் சொல்கிறோம். பழைய புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்து, ஆதார் அட்டைகூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கதிர்காமத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. கூட அம்மா மட்டும். அந்த அம்மா என்னைக் கண்டால் தலையாட்டுவாள், வாய் திறக்கமாட்டாள். எந்த ஊர் என்றேன். மகள் முந்திக்கொண்டாள்.

"தவளக்குப்பம் தாத்தா."

"தவளக்குப்பம் மாதிரி கிராமத்துல எவன் வீட்டுல குசினின்னு சொல்றாங்க?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் 'கிச்சன்' என்றாள். அதுதான் என்னை உறுத்தியது.

பிறகு நான் செருப்பைத் தேடுவதுபோல மாடிப்படியின் கீழே நிற்கத் தொடங்கினேன். ஒரு மாலை அம்மாவின் குரல் கேட்டது: "மெதுவாக் கதை பிள்ளை. கீழ அந்தாள் நிக்குது."

பேசு என்பதைக் 'கதை' என்பது யாழ்ப்பாணப் பேச்சு. அவர்களும் குசினி என்பார்கள். அங்கே அதை விட்டுப்போனவர்கள் போர்த்துக்கீசியர்கள். இது எனக்குத் தெரியாததல்ல, தோன்றவில்லை.

மறுநாள் கடற்கரையில், போலீசில் இருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் இதை வேடிக்கைபோலச் சொன்னேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

"மிசியே, நீங்க எங்க டிபார்ட்மெண்டுல இருந்திருக்கணும்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே போலீசார் விசாரணைக்கு வந்தார்கள். அந்தப் பெண் இலங்கையிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவளாம். மகளை ஊருக்குள் படிக்கவைக்க, அகதி முகாமிலிருந்து சொல்லாமல் வெளியேறியிருக்கிறாள் அம்மா. மகள் எந்த நாட்டுக்காரி என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. முகாமுக்கே திரும்பச் சொன்னார்கள். வேலையும் போயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் போனபோது என் அப்பா போட்ட ஒரு கையெழுத்தால் நான் பிரெஞ்சுக் குடிமகன். அந்த நாட்டில் ஒரு குளிர்காலம்கூட முழுதாக இருந்ததில்லை. நீ யார் என்று என்னை எவரும் கேட்டதில்லை.

போகும்போது சாவியோடு வந்தாள்.

"யாரு சொன்னாங்களோ தெரியல தாத்தா. அம்மா உங்களத்தான் சொல்லுது. தாத்தா அப்படிச் செய்யமாட்டாருன்னு சொல்லிட்டேன்." சாவியை நீட்டினாள். "குசினியக் கழுவி விட்டுட்டேன்."

"நான் இல்லம்மா," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.