ஓரகத்தியின் எலெக்ட்ரிக் கார்

தன் காரைக் கிளப்பும் முன் டீச்சர் குனிந்து பார்ப்பது, பக்கத்தில் நிற்கும் காரின் டயரைத்தான். கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்து அழுத்துவார். கொஞ்சம் தேய்ந்தமாதிரி தெரிந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். “பேட்டரி வண்டி கனம் ஜாஸ்தி. டயரத் தின்னுடும். இந்தச் செலவையெல்லாம் அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா, பாருங்க.”

‘அவ’ என்பது ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீடு. கீழே இவர்கள், மாடியில் அவர்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஓரகத்தி, போன வருடம் எலெக்ட்ரிக் கார் வாங்கினாள். டீச்சரின் நிம்மதி அன்றே போயிற்று. “ராத்திரி பூரா மாடு புல்லு திங்கிற மாதிரி கரண்டத் தின்னுட்டு நிக்குது. காலைல வயிறு ரொம்பிக் கெளம்பிடுது. நான் ஒரு வாட்டி டேங்க் நெரப்புற காசுல அவ மாசம் முழுக்க ஓடுறா!”

ஊரே டீச்சர் என்று கூப்பிட்டாலும், அவர் சொல்லிக்கொடுப்பது கார் ஓட்ட. நாற்பத்தைந்து வயதில் அவரிடம் கற்கச் சேர்ந்தவள் நான். பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கால் மட்டும் தன் பக்கத்து உபரி பிரேக்கின் மேல் காவல் இருக்கும். எங்களைப் போன்றவர்கள் முதல் கியரிலேயே ஊர்ந்து பெட்ரோலைக் குடித்துத் தீர்ப்போம். வண்டி அணைந்து நின்றால் திட்டமாட்டார். “போச்சு, அரை டம்ளர்” என்பார், பெருமூச்சோடு. ஆயில் மாற்றுவது, ஃபில்டர், பிளக், கிளட்ச் என்று ஃபீஸில் பாதி ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுகிறது.

பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது ஓரகத்தியின் கார் சாலையில் வழுக்கிப் போகும். அவள் கையாட்டுவாள். இவரும் பல் தெரியச் சிரித்துக் கையாட்டுவார். உதடு அசையாமல் என்னிடம் சொல்வார்: “பேட்டரி மாத்துற நாள் வரட்டும். அன்னைக்கு இருக்கு மகாராணிக்கு.”

போன வாரம் மேம்பாலத்து ஏற்றத்தில் நான் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைப் பிடித்துவைத்திருந்தேன். கருகிய வாடை வந்தது. பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி நகரவில்லை. டீச்சர் கீழே இறங்கி, என்னைப் பார்க்காமல், மெக்கானிக்கையும் கணவரையும் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து காரைக் கட்டியிழுத்துப் போனார். எங்களை அழைத்துப்போகக் கணவர் வரவில்லை. ஓரகத்தியின் கார்தான் சத்தமில்லாமல் வந்து நின்றது.

“யார் இவளக் கூப்பிட்டா?” என்று என் காதில் சீறினார் டீச்சர்.

ஓரகத்தி இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. “அக்கா, நீங்களே ஓட்டுங்கக்கா. பாலத்துல ஏறி வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எனக்குக் கை கால் உதறுது.”

“வாங்கி ஒரு வருஷம் ஆச்சேடி!”

“பேங்க் விட்டா வீடு, வீடு விட்டா பேங்க். வேற எங்க போயிருக்கேன்? உங்க பின்னாடி எவ்ளோ பெரிய லாரி நின்னாலும் நீங்க பாட்டுக்கு இருப்பீங்க. அதப் பாத்து எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா?”

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். முதலில், அந்தக் காரில் இல்லாத கிளட்சைத் தேடி அவர் இடதுகால் தரையைத் தட்டியது. அப்புறம் வண்டி ஏற்றத்தில் வெண்ணெயாக ஏறியது. கிடுகிடுப்பு இல்லை, உறுமல் இல்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் அதுவரை பார்க்காத முகம்.

“எப்படிக்கா இருக்கு?”

“பரவால்ல. ஏசிதான் கொஞ்சம் கம்மி.”

வீடு வந்தது. ஓரகத்தி இறங்கிப் போய் கேட்டை அகலத் திறந்து, ஓரமாக நின்றாள். டீச்சர் திறந்த கேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை நேராக்கி, வீட்டைத் தாண்டி, தெருமுனையில் வளைந்து, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார்.