தெரிந்த மொழிகள்

வீட்டில் முட்டை சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதை முதலில் கவனித்தது அப்பாதான். ஒரு வாரம் வரவேண்டிய முட்டை நாலே நாளில் காலியானது. அம்மாவிடம் கேட்டதற்கு, குளிர்காலம், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்றாள். அப்பா அதை நம்பவில்லை.

அவர் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில், ஊழியர்கள் கொடுக்கும் மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். காய்ச்சல் என்று பில் கொடுத்தவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்ததா என்று யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மாலையில் மேஜையைப் பூட்டிவிட்டு வருவாரே தவிர, அந்த யோசனையைப் பூட்டிவிட்டு வர அவருக்குத் தெரியாது.

முட்டைக்கு அடுத்து அண்ணன் மாட்டினான். அவனுக்கு இருபது வயது, கல்லூரியில் கடைசி வருடம். எட்டு மணிக்கு முன் எழுந்து பழக்கமில்லாதவன், ஜனவரி மூடுபனியில் ஐந்தரைக்கே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்டால் மலை மந்திர், முருகன் கோயில் என்றான். டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அது நடக்கிற தூரம்தான்.

“சாமி கும்பிடவா? இவனா?” என்றார் அப்பா. அம்மா தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அப்பாவின் கணக்கில் ஏறியது.

அவருடைய முதல் சந்தேகம் ஒரு பெண். அதைத் துப்பறிய நான் அமர்த்தப்பட்டேன். எனக்குப் பத்து வயது. அண்ணனின் பையைத் துழாவும் உரிமை கிடைத்ததில் எனக்குப் பெருமை. பையில் கடிதம் எதுவும் இல்லை. ஒரு கவரில் பாஸ்போர்ட் அளவில் எட்டு போட்டோக்கள் இருந்தன. எட்டிலும் அண்ணன் ஒட்ட முடி வெட்டிக்கொண்டு, யாரோ திட்டியதுபோல முறைத்துக்கொண்டிருந்தான்.

“எட்டு எதுக்குட்டி?” என்று அப்பா என்னைக் கேட்டார், எனக்குத் தெரியும் என்பதுபோல. பிறகு அவரே, “கல்ஃப் ஏஜெண்டு எவனோ பிடிச்சிருக்கான்” என்று முடிவுசெய்தார். இரண்டு நாள் அண்ணனிடம் பாலைவனத்து வெயிலைப் பற்றியும், ஏமாற்றும் ஏஜெண்டுகளைப் பற்றியும் சம்பந்தமில்லாமல் பேசினார். அண்ணன் எல்லாவற்றுக்கும் “அச்சா, அச்சா” என்றான்.

மூன்றாம் நாள் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. சர்க்கார் உறை. அப்பா அதைப் பிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, அண்ணன் வரும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“பிரிச்சுப் பாருல” என்றார்.

ராணுவ அதிகாரி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. எழுத்துத் தேர்வை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் எழுதி, பாஸும் ஆகியிருந்தான். யாரிடமும் என்றால் அப்பாவிடம். காலையில் அவன் கோயில் மலைப் படிகளில் ஏறி இறங்கி ஓடியதும், திரும்பி வந்ததும் அவித்த முட்டை தின்றதும் அம்மாவுக்குத் தெரியும்.

அப்பா கத்தவில்லை. உறையில் இருந்த படிவங்களை எடுத்து, பில்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தேர்வின்போது கை கால் முறிந்தால் சர்க்காரிடம் எதுவும் கேட்கமாட்டேன் என்று தகப்பன் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் ஒன்று.

“இப்பவே எழுதி வாங்குதான் பாத்தியா? உள்ள போறதுக்கு முன்னாலயே.”

“அது சும்மா ஃபார்மாலிட்டிப்பா. எல்லாரும் போடுவாங்க.”

“எங்க அனுப்புவான்?”

 எங்கே என்பது எனக்கே தெரிந்த விஷயம். அந்தக் குளிர்காலத்தில் நம் ராணுவம் இலங்கையில் இருந்தது. ரேடியோவில் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார், அம்மா குறைப்பாள்.

“அங்க போயி யாரல சுடுவ?” என்று அப்பா கேட்டார்.

“எல்லாரையும் அங்கயே அனுப்ப மாட்டாங்கப்பா.”

“அனுப்பினா?”

அம்மா அடுக்களையிலிருந்து, “பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில், இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாய் என்ற கேள்வி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கவேண்டும் என்று சொல்லி அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் வேறு திசையில் போனது. நாங்கள் இறங்கிய இடம் கன்டோன்மென்ட்டில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரி. எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவின் ஊர்க்காரர் ஒருவரின் தம்பி, ராணுவத்தில் இருப்பவர், இலங்கையில் அடிபட்டு இந்த ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாக அப்பா கேள்விப்பட்டிருந்தார்.

படுத்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். கட்டுப்போட்ட ஒரு காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அப்பாவை முன்பின் பார்த்ததில்லை என்றாலும், ஊர்ப் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணாச்சி. பிள்ளையையும் கூட்டிட்டு வந்தியளா?”

அப்பா கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். சாப்பாடு எப்படி, அதிகாரிகள் எப்படி, லீவு உண்டா. அவர் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு அண்ணாச்சி என்றார். அப்பாவின் புருவம் இறங்கவே இல்லை. பொய் பில்லுக்கு அவர் காட்டும் முகம் அது.

“எப்படி அடிபட்டுது?”

“முன்னால போனேன், பட்டுட்டு.”

“நீங்க எதுக்கு முன்னால போனிய?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “ஒரு வீட்டுக்குள்ள போனா, அவங்ககிட்ட பேசணும்லா அண்ணாச்சி. எங்க குழுவுல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனால எப்பவும் முன்னால நான்தான்” என்றார்.

உத்தரத்தைப் பார்த்தபடி அவராகவே சொன்னார். “ஒரு நாள் ஒரு அம்மா கேட்டுட்டா. நீ தமிழ்ப் பிள்ளையாப்பா, எந்த ஊருன்னு. என் சித்தி மாதிரியே இருந்தா. எனக்கு ஒண்ணும் ஓடல. தமிழ் நஹீ ஆதான்னு, தமிழ் வராதுன்னு இந்தியில சொல்லிட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து நின்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில், தமிழில் ஏதாவது பேசிக்காட்டு என்று பையன்கள் கிண்டல் செய்யும்போது நானும் அதையேதான் சொல்வேன். இவ்வளவு பெரிய ஆளும் அப்படிச் சொல்வாரா? அப்பா என் தோளை அழுத்தினார். நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது நிஜமாகவே மார்க்கெட்டில் இறங்கிக் காப்பித்தூள் வாங்கினோம். வீட்டில் அம்மா பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாடை அடித்த என் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தாள். 

மறுநாள் மாலை அப்பா அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவன் நிரப்பவேண்டிய படிவத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

“இங்க ஹிந்தி, இங்கிலீஷ். அவ்வளவுதான்.”

அண்ணன் சிரித்தான். “பேரைப் பார்த்தாலே தெரியுமேப்பா.”

“பேரு பேருதான். டெல்லியிலயே வளந்த பய, தமிழ் வராதுன்னா எவனும் நம்புவான்.”

“பொய் எழுதச் சொல்றீங்களா? நீங்களா?”

அப்பா பேனாவைத் திறந்து, தன் பங்குப் படிவத்தில் கையெழுத்தைப் போட்டார். மை காயும்வரை ஊதினார். பிறகு பேனாவை அண்ணனிடம் நீட்டிவிட்டு, அவன் அந்தக் கட்டத்தில் இரண்டு மொழிகளை எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தார். அம்மா கதவோரம் நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பயம் என்று அவள் மறுபடி சொல்லவில்லை.

அண்ணன் தேர்வானான். பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, இலங்கைக்குப் போன ராணுவம் திரும்பி வர ஆரம்பித்திருந்தது. அவனை ராஜஸ்தான் எல்லைக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தை விடுபட்டதால்தான் மகன் தப்பித்தான் என்று அப்பா கடைசிவரை நம்பினார். நேர்முகத் தேர்வுக்குப் போன ரயிலிலேயே மூன்றாவதாகத் தமிழ் என்று எழுதிவிட்டதை, அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணன் என்னிடம் சொன்னான்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது, கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த ஞாயிறு. காலையில் தமிழ்ச் சங்கத்தில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்பா என் ரஜாய் போர்வையை இழுத்து எழுப்பினார். எனக்கு அற்புதமான ஒரு நியாயம் தோன்றியது.

“அண்ணனுக்குத் தமிழ் தெரியக் கூடாதுன்னீங்க. எனக்கு மட்டும் எதுக்கு?”

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து செருப்பை மாட்டினார். வாரை ஓட்டையில் நுழைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. 

குளிரில் அவர் விரல் விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கன்னத்தைத் தேய்த்தபடி வகுப்புக்குப் போனேன். அப்பாவுக்குத் தமிழ் என்றால் அவ்வளவு வெறி போலிருக்கிறது என்று பயந்து, அன்று எழுதச் சொன்னதையெல்லாம் ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.