பிடி அரிசி வக்கீல்

ஆமத்தூர்க் கிறிஸ்தவ சபையில் ராஜசிங்கைப் பிடி அரிசி வக்கீல் என்றுதான் சொல்வார்கள். கேலி இல்லை, பெருமை. அவன் மதராஸில் எம்.எல். படித்ததே அந்த அரிசியில்தான். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜெயக்கொடி ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் திரி செருகுகிற வேலை. "நம்ம பிள்ளை ஒண்ணு சட்டம் படிச்சு வந்தா நமக்காகப் பேசும்ல" என்று சபைக் கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவளும் அவள்தான். அரிசி விற்ற காசு அவன் படிப்புக்குப் போயிற்று.

படிப்பும் லேசுப்பட்டதல்ல. தொழிலாளர் சட்டம் ஒரு பாதி, கம்பெனிச் சட்டம் மறு பாதி. ஒரே முதலாளி நாலு கம்பெனிப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு தொழிலாளியை ஏய்த்தால், பலகைக்குப் பின்னால் இருக்கிற ஆளைச் சட்டம் பிடித்து இழுக்கலாம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினான். வாத்தியார்கள் மெச்சினார்கள். மெச்சமாட்டார்களா பின்னே!

விருதுநகருக்கு வந்து கறுப்புக் கோட்டை மாட்டிய பிறகுதான் தெரிந்தது, தொழிலாளி யாரும் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்று. ஏறி வந்தவர் ஜெயக்கொடி வேலை பார்த்த ஆலையின் முதலாளி நல்லசிவம்.

"வக்கீல் தம்பி, ஆள் கூடக் கூட ஆபீசருக தொந்தரவும் கூடுது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆளைப் பிரித்துக் கணக்குக் காட்டினால் பாதிச் சட்டம் உள்ளேயே வராது என்று ராஜசிங் வழி சொன்னான். ஒரே வளவுக்குள் இருந்த ஆலை மூன்று கம்பெனியாயிற்று. ஒன்று முதலாளி பேரில், ஒன்று அவர் சம்சாரம் சொர்ணலட்சுமி பேரில், இன்னொன்று மச்சினன் பேரில். வாசல் ஒன்று, பலகை மூன்று. பலகைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அடப்பாவி, அது வெறும் பலகையா?

அறுபத்திரண்டில் தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. போர்மேன் ஜெயக்கொடியைக் கூப்பிட்டு, "அக்கா, பக்கத்து ஷெட்டுல ஆள் பத்தல, அங்கன போய் இருங்க" என்றார். எப்போதும் நடப்பதுதான். ஆனால் ஜெயக்கொடியின் பேர் இருந்தது முதலாளி கம்பெனியில், அந்த ஷெட்டோ முதலாளியம்மா பேரில் இருந்த கம்பெனி. தட்டில் இருந்த மருந்து பற்றிக்கொண்டது. உயிர் தப்பியது, இரண்டு கையும் வெந்துபோயிற்று.

லேபர் ஆபீசர் முன்னால் நடந்த நஷ்டஈட்டு விசாரணையில் இரண்டு கம்பெனிக்கும் ராஜசிங்தான் நின்றான். ஆள் எங்களுடையவள், ஆனால் விபத்து எங்களிடம் இல்லை என்றது ஒரு கம்பெனி. விபத்து எங்களிடம்தான், ஆனால் ஆள் எங்களுடையவள் இல்லை என்றது மற்றது. இரண்டையும் ஒரே வாயால் சொன்னான். ஜெயக்கொடிக்காக வந்த எதிர்ப்பக்க வக்கீல் தடுமாறினார். பலகைக்குப் பின்னால் பாருங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ராஜசிங்கின் வாதம் பொடிப்பொடியாகியிருக்கும். அந்த வார்த்தை அங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லிவிடுவாரோ என்று பயந்தான். சொல்லித் தொலையேன்யா என்று உள்ளுக்குள் கெஞ்சவும் செய்தான். அவர் சொல்லவில்லை. மனு தள்ளுபடியாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெயக்கொடி நின்றிருந்தாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன. அவளைத் தாண்டாமல் தெருவுக்குப் போக வழி இல்லை.

"அக்கா..." என்றான்.

"என்னத்துக்குத் தம்பி கண்ணு கலங்குற? உம் பொழப்பு, நீ என்ன செய்வ? தீர்ப்பு என்னன்னே எனக்குச் சரியா வெளங்கல. ஆனா நீ எந்திரிச்சுப் பேசுனப்ப அந்த ஆபீசரே வாயைத் திறக்காமக் கேட்டாகளே! நம்ம அரிசி எப்படிப் பேசுதுன்னு பாருன்னு பக்கத்துல இருந்தவககிட்டச் சொன்னேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

அதன்பிறகு அவன் பலகை வழக்கு எதையும் தொடவில்லை. தொடாமல் இருந்து யாருக்கு என்ன? ஜெயக்கொடியின் விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. உலை வைக்கிறபோது அவள் பக்கத்தில் நின்று, காணிக்கைக்கு எடு என்று சொல்வாள். பிடி அரிசியை மகள்தான் அள்ளிப் போடுவாள்.