அப்பாவின் கோட்டு

போன வருடம் எங்கள் அடையாறு வீட்டு மாடியில் நார்வேக்காரப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். தன் ஊர் கம்பெனி வேலையை இங்கிருந்தே லேப்டாப்பில் பார்த்தாள். அங்கே சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுமாம். எது இங்கே மலிவு, எது அங்கே மலிவு என்று அவளிடம் ஓயாமல் கேட்பேன். சீஸ் மட்டும் இங்கேதான் விலை அதிகம் என்றாள்.

ஒருநாள் கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். இறந்துபோன அவள் அப்பாவுடையது. உள்துணி நார்நாராகக் கிழிந்திருந்தது.

"எங்கள் ஊரில் இதைத் தைக்கும் காசுக்குப் புதுசே வாங்கிவிடலாம். தூக்கிப் போடச் சொன்னார்கள். மனசு வரவில்லை" என்றாள்.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் அழைத்துப் போனேன். "இன்னா சார், இந்த வெயில்ல இத்த யாரு போடப் போறாங்க?" என்று அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "வுட்டுட்டுப் போங்க. புது லைனிங் போட்டுத் தர்றேன்."

அடுத்த வாரம் கடையிலேயே அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். கோட்டின் கைகள் அவள் விரல்நுனியைத் தாண்டித் தொங்கின.

"கைய கொறச்சிடட்டா?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை, வியர்த்து வழிந்தும், அதைக் கழற்றவே இல்லை.