லாபம், ரெண்டு

என் மகளும் மருமகனும் சேர்ந்திருப்பதா பிரிவதா என்று பேசி முடிவெடுக்க அந்தமானில் ஒரு தீவுக்குப் போனார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளையும் கடலில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். பார்த்துக்கொண்டேன். கடலில் விட்டுவிடவில்லை.

அதற்கு முன் ஒரு வருடமாகச் சேக்காட்டில் அவர்களுடைய ஃபிளாட்டில் பேச்சு எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். "கேஸ் புக் பண்ணியாச்சான்னு அப்பாகிட்ட கேளு." "பண்ணியாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு." பெண்ணுக்கு ஒன்பது வயது, யார் கூப்பிட்டாலும் காதில் விழாதது போல இருந்துவிடுவாள். ஆறு வயதுப் பையன்தான் ஓடுவான். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே எட்டு அடி தூரம்கூட இல்லை. அந்தப் பக்கம் சொன்னது இந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் அவன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் பதில் வரும்.

நான் அண்ணனூரில், ரயில் ஷெட்டுக்குப் பக்கத்தில், தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் போல்ட்டும் வாஷரும் எண்ணியவன். எண்ணாமல் என்னால் எதையும் பார்க்க முடியாது. அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். தீவிலிருந்து திரும்பி வரும்போதும் நான்கு பேராக ஒரே வீட்டுக்குள் நுழைய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புறப்படும் முன் தீவுகளில் குழந்தைகளுக்கு என்னென்ன ஆகலாம் என்று படித்து வைத்தேன். அலை இழுக்கும். பவளப்பாறை காலைக் கிழிக்கும், கிழித்தால் புண் ஆற நாளாகும். ஜெல்லி மீன் சுடும். வெயில் தோலை உரிக்கும். தேங்காய் தலையில் விழும். சில கரைகளில் முதலை வரும் என்று பலகையே வைத்திருக்கிறார்களாம். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு, காய்ச்சல் மருந்து இரண்டு பாட்டில், முள் எடுக்கும் இடுக்கி, கொசுக் களிம்பு, ஆளுக்கொரு விசில் என்று ஒரு பை நிறைந்துவிட்டது. மருமகன் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"மாமா, நாம லீவுக்குப் போறோம். போருக்கு இல்ல."

அதைக் கேட்டு மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். உடனே பையில் இன்னொரு டார்ச் லைட்டை எடுத்து வைத்தேன். இன்னொரு முறை சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பிள்ளைகளை எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். என் அப்பா பூந்தமல்லிப் பக்கம் கூலிக்கு நிலத்தில் வேலை செய்தவர். களத்தில் நெல் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்பார். அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூன்று. அளப்பவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டோரில் நானும் வாய்க்குள் அப்படியே எண்ணிப் பழகினேன். பேத்திக்கும் பேரனுக்கும் அது பிடித்துப்போயிற்று. நான் "எண்ணு" என்றால் அவள் "லாபம்" என்று கத்துவாள், அவன் "ரெண்டு" என்று கத்துவான். கடையிலும் ரயிலிலும் கோயில் கூட்டத்திலும் அதுதான். நாளடைவில் நான் எண்ணு என்று சொல்லவே தேவையிருக்கவில்லை. அவள் தொடங்கினால் அவன் முடிப்பான்.

தீவு ரிசார்ட்டில் போய் இறங்கியதும் குழந்தைகளின் கையில் பெயர் எழுதிய பட்டை கட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. யார் வேண்டுமானாலும் பெயரைப் படிக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், குழந்தையும் தெரிந்தவர் என்று நினைத்துப் போய்விடும். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னேன். தனியாக இருக்கும்போது யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. நம் எண்ணிக்கை கேட்டால் மட்டும்தான் குரல் கொடுக்க வேண்டும். பையன் கேட்டான், "அம்மா கூப்பிட்டாலுமா?" யார் கூப்பிட்டாலும் என்றேன். அதை அவன் மறக்கவில்லை.

லைஃப் ஜாக்கெட் மாட்டவும் கற்றுக்கொடுத்தேன். மார்பில் இரண்டு கொக்கி, காலுக்கு நடுவே வரும் பட்டை ஒன்று. மூன்று முறை டக் என்று சத்தம் கேட்க வேண்டும். கால் பட்டையை மாட்டாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வந்துவிடும், குழந்தை கீழே போய்விடும். பையன் இரண்டாம் நாளே தானாக மாட்டிக்கொண்டான். மூன்று டக்குக்கும் என் முகத்தைப் பார்ப்பான்.

காலையில் கடல், வெயில் ஏறியதும் அறை, மாலையில் மணல் என்று ஒழுங்கு வைத்தேன். தென்னை மரத்தடியில் உட்கார விடவில்லை. அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் கண் தாழ்ந்துவிடுமோ என்று பயம். மகளும் மருமகனும் தங்கள் குடிலின் வராந்தாவில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்காது. ஆனால் பேசினார்கள், நேருக்கு நேர், நடுவில் பையன் ஓடாமல். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நான்கு பேரும் ஒன்றாகக் கடலில் இறங்கினார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அப்பா, பையன், பெண், அம்மா. அலை வந்தபோது நான்கு பேரும் சேர்ந்து குதித்தார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் எண்ணவே இல்லை.

அன்று பிற்பகல் பேத்தியின் காலில் பவளச் சில்லு குத்திவிட்டது. என் குடில் வாசலில் அவளை உட்காரவைத்து இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தேன். பையன் தன் வாளி அம்மாவின் வராந்தாவில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றான். இருபதடி தூரம். அவன் அந்தப் படிக்கட்டுக்குப் போய்ச் சேரும்வரை பார்த்தேன். பிறகு சில்லைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வராந்தாவில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வாளி வராந்தாவிலேயே இருந்தது.

கேட்டபோது அவன் அங்கே வரவே இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. மருமகன் சட்டையோடு நீச்சல் குளத்தில் குதித்து அடிவரை போய்ப் பார்த்தார். மகள் பையன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே கடலுக்குள் நடந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது, அவள் நிற்கவில்லை. ரிசார்ட் ஆட்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். எல்லார் வாயிலும் அவன் பெயர்தான். நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதக் காற்று வரவில்லை. எதைச் சொன்னால் அவன் குரல் கொடுப்பான் என்று தெரிந்தவன் நான். அது என் நினைவுக்கு வரவே இல்லை.

பேத்திக்கு வந்தது. காலில் ரத்தத்தோடு மணலில் நொண்டி நொண்டிப் போய் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"லாபம்!"

கொஞ்சம் தள்ளி ஜாக்கெட்டுகள் குவித்து வைக்கும் ஓலைக் கொட்டகையிலிருந்து, மூச்சு முட்டுவது போல, ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

ஆரஞ்சு நிற ஜாக்கெட் குவியலுக்கு அடியில் படுத்திருந்தான். அவனும் ஒன்று மாட்டியிருந்தான். மூன்று கொக்கியும் சரியாகப் போட்டிருந்தான்.

நான்தான் முதலில் போய்த் தூக்கினேன். அவன் அழவில்லை. என் காதருகே வாயை வைத்து ஒரு கணக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு எடுத்துக்கலாம்னு பேசினாங்க தாத்தா. நான் காணாமப் போயிட்டா அக்கா ஒண்ணுதான இருப்பா? ஒண்ண எப்படிப் பிரிப்பாங்க?"

படிக்கட்டின் கீழே நின்று கேட்டிருக்கிறான்.

அதற்குள் அவர்கள் இருவரும் நனைந்தபடி ஓடி வந்துவிட்டார்கள். மருமகன் என் கையிலிருந்து பையனை வாங்கினார். மகள் மணலில் மண்டியிட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். ஆளுக்கொரு பிள்ளையை அணைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நான் பார்த்தேன், அங்கேயே பங்கு பிரிந்துவிட்டது.

பிள்ளைகளை அறையில் உட்காரவைத்துவிட்டு, பையன் சொன்னதை இரண்டு பேரிடமும் சொன்னேன். இதைக் கேட்டால் மனம் மாறிவிடும் என்று நிச்சயமாக நம்பினேன். கேட்டுவிட்டு இரண்டு பேரும் அழுதார்கள். மருமகன்தான் முதலில் பேசினார்.

"ரெண்டு பேருக்குமே ரெண்டு பிள்ளையும் உசுரு மாமா. இதுல யாரு யாருக்கு விட்டுக் குடுக்கிறது, சொல்லுங்க."

மகள் படித்து ஆபீசுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பேச்சை மாற்றிக்கொண்டவள். உடைந்துபோனால் மட்டும் அண்ணனூர்ப் பேச்சு திரும்பி வந்துவிடும்.

"இன்னா பண்ணச் சொல்ற நைனா? ஒரே ஊட்ல இருந்தா இதுங்க தெனம் எங்கனா போய் ஒளிஞ்சிகினுதான் கெடக்கும்."

எந்தப் பையிலும் அதற்கு மருந்து எடுத்து வைக்கவில்லை.

திரும்பும்போது படகிலும் எண்ணினேன், விமானத்திலும் எண்ணினேன். சென்னையில் பெட்டிகள் வரும் இடத்தில் மறுபடி எண்ணினேன். பெண்ணின் காலில் ஒரு பிளாஸ்திரியைத் தவிர யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சரக்கு சேதமில்லாமல் வந்து சேர்ந்தால் ஸ்டோரில் எண்ணிக்கை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தேன்.

மருமகன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று ஒரு காலையில் பையனோடு காரில் கிளம்பினார். பேத்தி கீழே இறங்கி வரவில்லை. பால்கனியிலும் நிற்கவில்லை. நான் கொஞ்ச தூரம் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். நசரத்பேட்டை வந்ததும், இதற்கு மேல் வந்தால் உங்களுக்குத் திரும்ப பஸ் கஷ்டம் மாமா என்று ஓரம் கட்டினார். அவர் சொன்னது நியாயம்தான்.

இறங்கிப் பின்கதவைத் திறந்து பையனின் சீட் பெல்ட்டைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். டக் என்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏதோ சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். நான் கதவைச் சாத்தவில்லை.

"அக்கா இன்னும் லாபம் சொல்லல தாத்தா" என்றான்.

அக்கா வீட்டில் இருக்கிறாள் என்றேன். தெரியும் என்றான். மருமகன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காக்கவைக்கக் கூடாது என்றும் தோன்றியது, அவர் ஒருபோதும் கிளம்பக் கூடாது என்றும் தோன்றியது. கதவைச் சாத்தினேன். கார் பெங்களூர் பக்கம் போகும் வண்டிகளோடு சேர்ந்துகொண்டது. அதன் பின்னால் போன வண்டிகளைக் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் வீடியோ காலில் பேசுவார்கள். முகம் தெரிந்ததும் இவள் லாபம் என்பாள், அங்கிருந்து ரெண்டு என்று சத்தம் வரும். பிறகுதான் மற்றப் பேச்சு. மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் சொன்னாள், அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னாள்.

"இங்க நான் மட்டும்தானே இருக்கேன்" என்றான். "இங்க நான் ரெண்டு இல்லக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குப் புதிதாகப் பழகிய கணக்கு அது. பிறகு பள்ளிக்கூடத்தில் யாருக்கோ பல் விழுந்ததைப் பற்றிப் பேசினான். இவளும் சிரித்துப் பேசினாள்.

மகள் வேலையிலிருந்து வர இருட்டிவிடும். அதனால் மாலையில் சேக்காட்டு வீட்டில் நான்தான் இருக்கிறேன். ஸ்கூல் வேன் வந்ததும் பேத்தி மாடியேறி வருவாள். வாசலில் நின்றே லாபம் என்பாள். சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றாமல் ஒரு மூச்சு நேரம் நிற்பாள். அந்த ஞாயிற்றுக்கு மறுநாளும் அப்படித்தான் நின்றாள். அவள் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே இருந்தபடியே "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் உள்ளே வந்து என் எதிரில் நின்றாள். முதுகில் பை இருந்தது.

"அது அவனுது தாத்தா. நீ சொல்லிட்டா, அவன் வந்தா எதச் சொல்லுவான்?"

அதிலிருந்து நான் சொல்வதில்லை. அவள் லாபம் என்கிறாள். நிற்கிறாள். நானும் சமையலறையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு ஒரு ஷூ தரையில் விழும் சத்தம் கேட்கிறது, அதன் பிறகு இன்னொன்று.